மெட்டல் பாட்டுக்கு ஆதி தாளம்

எனக்கு ஒன்பது வயதானபோது குடும்பத்தில் ஒரு உத்தியோகம் கிடைத்தது. பெரியம்மா சொல்வதை மாமாவிடம் சொல்ல வேண்டும்; மாமா சொல்வதைப் பெரியம்மாவிடம் சொல்ல வேண்டும். இருவரும் ஒன்றரை வருடமாகப் பேசிக்கொள்வதில்லை.

பெரியம்மா என் அம்மாவுக்கு அக்கா. மாமா இவர்கள் இருவருக்கும் தம்பி. அல்சூரில் ஏரிக்குப் போகும் ஒரு சந்தில், மாடி வீட்டில் பெரியம்மா வயலின் வகுப்பு நடத்தினாள். மாமாவும் அவளும் ஜோடியாகக் கோயில் கச்சேரிகளில் வயலின் வாசித்தவர்கள்தான். பிறகு மாமா கிதாருக்கு மாறி, மூன்று நண்பர்களோடு ஹெவி மெட்டல் குழு ஒன்றை ஆரம்பித்தார். ஒரு உற்சவத்தன்று பெரியம்மா மேடையில் சுருதி சேர்த்துக் காத்திருக்க, மாமா குழுவோடு வேறெங்கோ வாசிக்கப் போய்விட்டார். ஒரு போன்கூடச் செய்யவில்லை. பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தை வைத்துக்கொண்டு பெரியம்மா இரண்டு மணி நேரம் தனியாக வாசித்தாளாம். அதோடு பேச்சு நின்றது.

அம்மா வேலையிலிருந்து திரும்ப ஏழு மணி ஆகும் என்பதால், பள்ளி விட்டதும் நான் பெரியம்மா வீட்டில் இருப்பேன். எங்களோடு ஜீவனஹள்ளியில் இருந்த மாமா ஆறு மணிக்கு பைக்கில் வந்து என்னை அழைத்துப் போவார். படியேற மாட்டார். கீழே நின்று இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். "உன் வண்டி வந்திருச்சு" என்பாள் பெரியம்மா. யார் வண்டி என்று சொல்ல மாட்டாள்.

அந்த வருடம் மாமா ஒரு புதுப்பாட்டு போட்டிருந்தார். எங்கள் மொட்டை மாடியில் இருந்த ஷீட் போட்ட அறையில் ஞாயிறுதோறும் அது அதிரும். ஒரு இன்ஜினியரிங் காலேஜ் விழாவில் வாசிக்க வேண்டிய பாட்டு. முந்தைய வருடம் அதே மேடையில், பாட்டு பாதி நடக்கும்போதே ஊளையிட்டு இவர்களைக் கீழே இறக்கியிருந்தார்கள். இந்தத் தடவையும் அப்படி ஆனால் கிதாரைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுவதாக மாமா அம்மாவிடம் சொல்லியிருந்தார். அதைச் சொன்னபோது அவர் சிரித்ததால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் பெரியம்மா வீட்டில் கணக்குப் போட்டுக்கொண்டே அந்தப் பாட்டை முணுமுணுத்தேன்.

"என்னடி அது?"

"மாமா பாட்டு."

"முழுசா பாடு."

பாடினேன். டிரம்ஸ் வரும் இடங்களில் மேஜையைத் தட்டினேன். பெரியம்மா கண்ணை மூடிக் கேட்டாள். "ஆறு ஊர் பஸ்ஸையும் ஒரே ஸ்டாண்டுல நிறுத்தி வெச்சிருக்கான். ஒண்ணும் கெளம்பல. போய்ச் சொல்லு."

ஹாரன் கேட்டதும் இறங்கிப் போய் வார்த்தை மாறாமல் சொன்னேன். மாமாவுக்கு முகம் சிவந்தது. "மெட்டல் பத்தி அவங்களுக்கு என்ன தெரியுமாம்?" என்று வண்டியை உதைத்தார். காக்ஸ் டவுன் வந்ததும் தலையைத் திருப்பாமல், "எந்த பஸ் கெளம்பணும்னு நாளைக்குக் கேளு. நான் கேட்டேன்னு சொல்லாதே" என்றார்.

நான் கேட்டேன்; மாமாதான் கேட்கச் சொன்னார் என்பதையும் சொல்லிவிட்டேன்.

பாட்டில் இருந்த ஆறு மெட்டுத் துண்டுகளில் இரண்டாவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஐந்தையும் தூக்கிப் போடச் சொன்னாள் பெரியம்மா. அது ஏழே ஸ்வரம் உள்ள சின்னத் துண்டு. முதலில் அதை ஆமை மாதிரி நிதானமாக வாசிக்க வேண்டும், பிறகு சாதாரண வேகத்தில், பிறகு அதற்கு இரட்டிப்பாக. கேட்பவனுக்கு அது மனப்பாடம் ஆகிவிட வேண்டும், அதற்கப்புறம்தான் விளையாட்டு. இதையெல்லாம் நான் மூச்சு வாங்கச் சொல்லி முடித்ததும் மாமா பைக்கின் பெட்ரோல் டேங்கின் மேல் விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். "சொல்ப இரு, கொஞ்சம் பொறு" என்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து தட்டினார். அன்று நாங்கள் கிளம்ப ஆறரை ஆகிவிட்டது.

அடுத்த வாரம் முழுக்க நான் மாடிக்கும் தெருவுக்கும் ஓடினேன். பாட்டை எப்படி முடிப்பது என்று மாமா கேட்டிருந்தார். பெரியம்மா என் கணக்கு நோட்டை வாங்கிக்கொண்டாள்.

"மொதல்ல ஏழு ஸ்வரம். அடுத்த தடவை தலையில ஒண்ணை வெட்டு, ஆறு. அப்புறம் அஞ்சு. மாட்டு வால் மாதிரி மெலிஞ்சுகிட்டே போயி ஒண்ணுல நிக்கணும். மொத்தம் எத்தனை, கூட்டு."

கூட்டினேன். இருபத்தெட்டு.

"ஆதி தாளத்துல ஒரு சுத்துக்கு எட்டு எண்ணிக்கை, ஒண்ணொண்ணுக்கும் நாலுன்னா முப்பத்திரண்டு. மீதி நாலு?"

"தெரியல பெரிம்மா."

"அந்த நாலுல ஒருத்தனும் மூச்சு விடக் கூடாது. அதுக்கப்புறம் நாலு பேரும் சேர்ந்து ஒரே அடி!" என்று தொடையில் ஓங்கித் தட்டினாள். என் பென்சில் உருண்டு கீழே விழுந்தது. பெரியம்மா சிரித்தாள், அதற்கு முன் வயலின் வகுப்பில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் மாமாவிடமிருந்து புகார் வந்தது. டிரம்ஸ் வாசிப்பவர் ஃப்ரேசர் டவுன்காரர். அந்த நாலு எண்ணிக்கை அவரால் சும்மா இருக்க முடியவில்லை. "க்யா மச்சா, கையி அரிக்குது" என்கிறாராம். "வாய்க்குள்ள தகதிமின்னு சொல்லிக்கச் சொல்லு. வாய்க்கு வேலை இருந்தா கை அடங்கும்" என்று பதில் போனது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் மொட்டை மாடியிலிருந்து "தக்கதிம்மி, தக்கதிம்மி" என்று கத்தல் கேட்டது. கீழ் வீட்டுக்காரர்கள் என்ன ஆயிற்று என்று அம்மாவை விசாரித்தார்கள்.

விழாவுக்கு வரச் சொல்லி மாமா என் மூலம் கூப்பிட்டார். "அந்தக் கூச்சல்ல எனக்கு என்ன வேலை?" என்றாள் பெரியம்மா. ஆகவே நானும் அம்மாவும் மட்டும் போனோம். சாயங்காலம் நாலு மணி, நல்ல வெயில். மைதானம் முழுக்கக் கறுப்பு டிஷர்ட்.

பாட்டு நிதானமாக ஆரம்பித்தது. அந்த ஏழு ஸ்வரம் மூன்றாம் தடவை வந்தபோதே முன்வரிசைப் பையன்கள் அதோடு சேர்ந்து தலையாட்டினார்கள். வேகம் இரட்டித்தது. அப்போதுதான் மேடையில் இவர்களைப் பார்த்து வைத்திருந்த ஸ்பீக்கர்கள் இரண்டும் செத்துப்போயின. எங்களுக்குக் கேட்டது, அவர்களுக்கு ஒருவர் வாசிப்பது இன்னொருவருக்குக் கேட்கவில்லை. டிரம்ஸ் ஒரு நூல் பின்தங்கியது. மாமாவின் முகம் வெளுத்தது. பின்னாலிருந்து எவனோ ஊளையிட்டான். அம்மா என் கையை நசுக்கினாள்.

மாமா கூட்டத்தைப் பார்த்தார். பார்த்த இடத்திலேயே கண் நின்றுவிட்டது. நானும் திரும்பினேன். கறுப்பு டிஷர்ட்டுகளுக்கு நடுவில் மாம்பழ மஞ்சள் சுங்குடிச் சேலையில், காதில் பஞ்சோடு, பெரியம்மா நின்றாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் உயர்த்தி, ஊருக்கே தெரிகிற மாதிரி தாளம் போட்டாள். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு.

மாமா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். டிரம்ஸ்காரரிடம் தலையால் காட்டினார். ஒரு சுற்றில் எல்லாம் சேர்ந்துவிட்டது. பெரியம்மாவைச் சுற்றி நின்றவர்கள் இது ஏதோ புது மெட்டல் முத்திரை என்று நினைத்திருக்க வேண்டும். அவர்களும் கையைத் தூக்கிச் சுண்டுவிரல், மோதிரவிரல் என்று எண்ணத் தொடங்கினார்கள். வரிசை வரிசையாக அது பரவியது. ஏழு, ஆறு, ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. மைதானமே நின்றது. டிரம்ஸ்காரரின் உதடு மட்டும் அசைந்தது. பிறகு விழுந்தது பாருங்கள் அந்த அடி! பெரியம்மாவின் கையும் நானூறு கைகளும் ஒன்றாக இறங்கின. அம்மா துள்ளிக் குதித்ததை அன்றுதான் பார்த்தேன்.

எல்லாம் முடிந்து, வெளியே வண்டிக்காரரிடம் காரப்பொரி கலந்த சுருமுரிப் பொட்டலங்கள் வாங்கிக்கொண்டு நால்வரும் ஒரு மரத்தடியில் நின்றோம். பெரியம்மா காதிலிருந்து பஞ்சை எடுத்தாள். மாமா அவளுக்கு ஒரு முழம் தள்ளித்தான் நின்றார்.

"அஞ்சு வர்ற எடத்துல அவசரப்பட்டான்னு சொல்லுடி உங்க மாமாகிட்ட."

சொன்னேன்.

"உற்சவத்தன்னிக்கு நான் பண்ணது தப்புதான்னு சொல்லு உங்க பெரிம்மாகிட்ட."

சொன்னேன். பெரியம்மா கொஞ்ச நேரம் சுருமுரியைக் கிளறினாள். பிறகு, "காரம் பத்தலைன்னா என்னோடதுலேர்ந்து எடுத்துக்கச் சொல்லு" என்றாள். மாமா அவள் பொட்டலத்திலிருந்தே எடுத்துச் சாப்பிட்டார். நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிச் சொல்லிக் கழுத்து வலித்தது.

வீட்டுக்கு வந்ததும் சாமி படத்துக்கு முன்னால் நின்று, இவர்கள் இரண்டு பேரும் சீக்கிரம் சமாதானம் ஆகிவிட வேண்டும் என்று சத்தமாகவே வேண்டிக்கொண்டேன். பின்னால் நின்ற அம்மா வாயைப் பொத்திக்கொண்டு ஏன் அப்படிச் சிரித்தாள் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. கோபமாக இருந்தது.