ஈரம் கழித்த கீரை

கண்டியில் நான் ஏறிய புகையிரதம் நானுஓயாவை அடைந்தபோது வெள்ளிக்கிழமை நண்பகல் கடந்திருந்தது. மேடையில் இறங்கியதும், ஈரமண்ணும் யூகலிப்டஸ் இலையும் கலந்த அந்தப் பழைய மணம் மூக்கில் ஏறியது. பதினோராண்டுகள் இந்த மணத்துக்குள் தமிழாசிரியையாக வாழ்ந்துவிட்டு, பின்னர் யாழ்ப்பாணத்து வெயிலுக்குத் திரும்பியவள் நான். நிலையத்தின் சுவர் நிறம் மாறியிருந்தது, மணம் மாறவில்லை.

நுவரெலியா நகரம் அங்கிருந்து எட்டுக் கிலோமீற்றர். முச்சக்கரவண்டிக்காரர் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கேட்டார். என் பேச்சைக் கேட்டதும், "யாழ்ப்பாணமா அம்மா? அப்ப ஆயிரத்து இருநூறு குடுங்க. நீங்க எப்படியும் பேரம் பேசுவீங்க" என்றார். நான் வாயைத் திறந்ததே இடம் சொல்வதற்குத்தான். இருந்தும், எங்கள் ஊரின் புகழைக் காக்கும் பொருட்டு ஆயிரத்து நூறு என்று சொல்லி ஏறினேன்.

என்னை அழைத்தவள் திலகவதி. நாங்கள் இருவரும் ஒரே ஆண்டில் யாழ்ப்பாணத்திலிருந்து இங்குள்ள பெண்கள் பாடசாலைக்கு வந்தவர்கள். நான் திரும்பிப் போனேன், அவள் போகவில்லை. இப்போது அந்தப் பாடசாலையின் விடுதிப் பொறுப்பாளர் அவளே. "வந்து மூண்டு நாள் நில்லும். குளிரெண்டால் என்ர கம்பளியைத் தாறன்" என்று தொலைபேசியில் சொன்னவள், வாசலிலேயே கம்பளியோடு நின்றாள்.

மாலையில் பழைய உணவு மண்டபத்தில் அமர்ந்தோம். நீண்ட மேசைகளும், மலையைப் பார்த்த உயரமான சன்னல்களும் அப்படியே இருந்தன. அந்தச் சன்னல்களுக்கு வெளியே படிப்படியாக முட்டைக்கோவாவும் கரட்டும் லீக்ஸும் விளைந்துகிடக்கும். ஆனால் எங்கள் காலத்தில் மேசைக்கு வந்த கோவா அந்தச் சரிவிலிருந்து வந்ததே இல்லை. மலையில் அறுத்தது லொறி ஏறிக் கீழ்நாட்டுப் பெருஞ்சந்தைக்குப் போய், இரண்டு மூன்று கை மாறி, மீண்டும் மலையேறி, நகரத்து வியாபாரியின் வழியாக எங்கள் சமையற்கட்டுக்கு வரும். அதன் வெளியிலைகளை உரித்துப் போட்டால் உள்ளே எஞ்சுவது ஒரு கைப்பிடி. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் விடுமுறை முடிந்து திரும்பும்போது பழைய செய்தித்தாளில் சுற்றி எங்களுக்குக் கொண்டுவரும் பீட்ரூட்தான், அந்தப் பதினோராண்டில் நான் உண்ட மெய்யான மலைநாட்டுக் காய்கறி. அதன் மண் ஒட்டிய வாசனை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

காய்கறி வரும் அந்தச் சுற்றுவழியைத்தான் திலகவதி இந்தத் தவணையில் மாற்ற முனைந்திருந்தாள். இராகலைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஒன்பது குடும்பங்கள், தங்கள் லயக் குடியிருப்புகளுக்குப் பின்னாலுள்ள துண்டு நிலங்களில் மரக்கறி பயிரிடுகின்றன. வாரம் இருமுறை விடுதியின் வண்டி அங்கு சென்று நேரே வாங்கிவரும். கரட்டும் லீக்ஸும் குறையில்லாமல் வந்தன. கீரைதான் சிக்கலாயிற்று. ஒவ்வொரு முறையும் துவண்டு, விளிம்பு கருகி வந்தது. அன்றிரவும் பிள்ளைகள் அதைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளியதைக் கண்டேன். கீரையை மட்டும் வேறிடத்தில் வாங்கினால் என்ன என்று கேட்டேன். கொடுத்தால் எல்லாவற்றையும் தானே கொடுப்பது, இல்லையென்றால் ஒன்றுமில்லை என்று நகரத்து வியாபாரி சொல்லிவிட்டாராம். ஆகவே கீரை தோற்றால் அந்த ஒன்பது குடும்பங்களின் கரட்டும் லீக்ஸும் சேர்ந்தே தோற்கும்.

"நாளைக்கு எங்கட சமையல்கார இராமையா நேரிலை போய்ச் சொல்லப் போறார், இதோட நிப்பாட்டுறம் எண்டு. எனக்குச் சொல்ல மனமில்லை" என்றாள் திலகவதி. பிறகு குரலைத் தாழ்த்தி, அந்தக் குடும்பங்களை ஒன்று சேர்த்த பரமேஸ்வரியின் மகள் இதே விடுதியில்தான் உயர்தரம் படிக்கிறாள் என்று, மூன்றாம் மேசையின் முனையிலிருந்த காயத்திரியைக் கண்ணால் காட்டினாள். அந்தப் பிள்ளையும் கீரையை ஒதுக்கித்தான் வைத்திருந்தாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வண்டி புறப்பட்டது. முன்னால் ஓட்டுநர் சிவாவும் சமையற் பொறுப்பாளர் இராமையாவும். பின்னால் வெறும் கூடைகளோடு நான். இராமையா அறுபதை நெருங்கிய பருத்த மனிதர். குல்லாயைக் காது வரை இழுத்துவிட்டிருந்தார். ஹாவா எலிய கடந்து கந்தப்பளையை நெருங்கும்போது பனிமூட்டம் பிரிந்தது. இருமருங்கிலும் தேயிலையின் கரும்பச்சைக்கு நடுவே மரக்கறிப் பாத்திகளின் இளம்பச்சை தைத்த ஒட்டுப்போலத் தெரிந்தது. ஒருகாலத்தில் மாணவியரின் வீடுகளைத் தேடி, கூரை ஒழுகும் பேருந்தில் இவ்வழியே போயிருக்கிறேன். வளைவுதோறும் ஏதாவதொரு பெயர் நினைவில் எழுந்தது: இங்கே கமலா, அங்கே இரட்டையர் இருவர், அந்தக் கோயிலுக்குப் பின்னால் எப்போதும் செருப்பைத் தொலைக்கும் சரோஜா.

"அண்ணே, சொல்லப் போறத ஒருக்கா சொல்லிப் பாத்துக்கிட்டீங்களா?" என்று சிவா கிண்டினான்.

"நீ றோட்டப் பாரு. நான் சொல்றது எனக்குத் தெரியும்" என்றார் இராமையா. ஆயினும் இராகலை வரை அவர் உதடுகள் அசைந்துகொண்டே வந்தன.

இருபது கிலோமீற்றருக்குச் சற்று மேல் ஓடி இராகலைக் கடைவீதியில் வண்டி நின்றது. ஒரு பிளேன்டீ ஐம்பது ரூபாய். இஞ்சி நசுக்கிப் போட்டிருந்தார்கள். இராமையா இரண்டு குடித்தார். மூன்றாவதும் கேட்டபோது, அவருக்கும் அங்கு போக மனமில்லை என்பது விளங்கிற்று.

தோட்டத்தின் பெரட்டுக்களத்தில் மரக்கறி காத்திருந்தது. விடியலில் தொழிலாளரை ஒன்றுகூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் வெளி அது. ஓரத்தில் மூன்று கால் நட்டு, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் பழைய தராசு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். பரமேஸ்வரி நாற்பது வயதுக்காரி, கொழுந்து பறிப்பவள். காதில் ஒரு பென்சிலைச் செருகியிருந்தாள். "வாங்கண்ணே, இன்னைக்கு நேர்லயே வந்துட்டீங்க. சமயக்கட்ட யாரு பாக்குறது?" என்று சிரித்தவள், என்னைக் கண்டதும் தலையிற் கட்டிய துணியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

கரட்டும் லீக்ஸும் நிறுத்து ஏறும்வரை இராமையா வண்டியில் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பெண்கள் அவரது குல்லாயைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். கீரையின் முறை வந்தது. அவர்கள் முன்தினம் பின்னேரமே கீரையை அறுத்து, லயத்து முன்திண்ணையான இஸ்தோப்பு முழுவதும் சாக்கு விரித்து, இரவெல்லாம் காற்றில் பரப்பி வைத்திருந்தனர். பசளிக்கீரையும் முள்ளங்கி இலையும் கட்டுக் கட்டாக வந்தன. ஒவ்வொரு கட்டையும் தராசில் வைக்குமுன் பரமேஸ்வரி இரு கையாலும் பிடித்து வீசி உதறினாள்.

அப்போதுதான் இராமையா சொன்னார். "பரமேசு, இன்னையோட நிப்பாட்டிக்கிருவோம். கீர மட்டுமில்ல, எல்லாமே."

உதறிய கை நின்றது. "என்ன கொறைன்னு சொல்லுங்கண்ணே."

"கொறையா? கீர வரும்போதே செத்துப்போய் வருது. தண்ணியில போட்டாலும் எந்திரிக்க மாட்டேங்குது. ஒம் மகளே தட்டு ஓரத்துல ஒதுக்குது. வேணும்னா கேட்டுப் பாரு."

பின்னால் நின்ற பெண்கள் பரமேஸ்வரியின் அருகே நெருங்கி வந்தனர். இவர்கள் முன்னர் லயத்து வாசலுக்கே வந்து வாங்கிப்போன வியாபாரியை விலக்கிவிட்டுத்தான் விடுதிக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள் என்பதை நான் அறிந்திருந்தேன். அந்த மனிதர் மீண்டும் இவர்களைச் சேர்ப்பது ஐயமே. ஆனால் பரமேஸ்வரியின் முகத்தில் அந்தக் கணக்கு ஓடியதாக எனக்குத் தோன்றவில்லை. "காயத்திரியா?" என்று மட்டும் கேட்டாள். பதிலை எதிர்பாராமல் அடுத்த கட்டை எடுத்தாள். பழக்கத்தில் அதையும் உதறினாள்.

எதையாவது நல்லதாகச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. "உங்களை மாதிரி ஆக்களை நான் காணேல்லை. எங்கட சந்தையில கீரைக்குத் தண்ணி தெளிச்சுத் தெளிச்சு நிறுப்பினம். நீங்கள் இருக்கிற ஈரத்தையும் உதறிப்போட்டு நிறுக்கிறியள்" என்றேன்.

அந்த நிலையிலும் அவர்கள் சிரித்துவிட்டார்கள். செல்லாயி என்ற மூத்த பெண், "நேர்மைன்னு நெனச்சிட்டாங்க டீச்சரு" என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஈரத்தோட கொண்டாந்தா தண்ணிக்குன்னு கழிச்சிருவாங்கல்ல. அதான் காய வச்சிக் கொண்டாறோம்."

"எந்தத் தண்ணிய? யாரு கழிச்சா?" என்றார் இராமையா.

"மழையில பறிச்ச கொழுந்த நிறுக்கையில, மேல்பாக்குற கண்டாக்கு தண்ணிக்குன்னு கிலோ கழிக்கலியா?" என்றாள் செல்லாயி.

"இது கொழுந்தா? நான் கண்டாக்கா?"

பரமேஸ்வரி தராசைப் பார்த்தாள். "தராசு அதே தராசுதானண்ணே" என்றாள்.

இராமையா அருகிலிருந்த கல்லில் உட்கார்ந்தார். குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவரும் பூண்டுலோயாப் பக்கத்து லயம் ஒன்றில் பிறந்தவர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மழைநாளில் அவருடைய தாய் நிறுவைக்குப் போகுமுன் கொழுந்துச் சாக்கை மரத்தோடு அடித்து அடித்து நீர் வடிப்பாராம்; அப்படியும் இரண்டு கிலோ மூன்று கிலோ கழிந்துபோகுமாம். இதை யாரிடமும் சொல்வதாக இல்லாமல் தராசைப் பார்த்தபடி சொன்னார். "இதக் கூட யோசிக்காம, நாலு வாரமா கீரையத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

பிறகு எழுந்து லயக்கோடிப் பீலிக்கு நடந்தார். மலையூற்று நீர் குழாய்வழி இடையறாது விழும் இடம் அது. ஒரு கட்டுப் பசளியை அதனடியில் நனைய நனையப் பிடித்து, சொட்டச் சொட்டக் கொண்டுவந்து தராசில் வைத்தார்.

"நிறு."

பரமேஸ்வரி கட்டை எடுத்தாள். அறியாமலே கை உயர்ந்தது.

"ஒதறாத" என்றார் இராமையா.

அவள் வைத்தாள், மீண்டும் எடுக்கப் போனாள். செல்லாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். களம் முழுவதும் சிரித்தது.

"அண்ணே, தண்ணிக்கும் சேத்துக் காசு குடுக்கப் போறீங்களா?" என்று வண்டியிலிருந்து சிவா கேட்டான்.

"குடுக்குறேன்டா. எம்புட்டோ வருசமா கழிச்ச தண்ணி. கொஞ்சமாச்சும் திரும்பி வரட்டும்."

இரவு முழுதும் உலர்ந்த கீரை மாட்டுக்குப் போயிற்று. பெண்கள் பாத்திகளில் இறங்கிப் புதிதாய் அறுத்து, பீலியில் அலசி, நனைந்த சாக்கில் சுற்றித் தந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். திரும்பும் வழியில் கூடைகளுக்கு நடுவே அமர்ந்திருந்த என் சேலைக்கரை முழங்கால்வரை நனைந்தது. குளிர்ந்தது, ஆனாலும் காலை மடக்கிக்கொள்ள மனம் வரவில்லை.

ஞாயிறு நண்பகல். கீரையைத் தேங்காய்ப்பூவோடு வதக்கி, பச்சை மாறாமல் இறக்கியிருந்தார் இராமையா. நாங்கள் வறை என்போம், இங்கே சுண்டல். மூன்றாம் மேசையின் முனையை நானும் திலகவதியும் ஒருவருக்கொருவர் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்திலிருந்த பிள்ளை, இன்று கீரை நன்றாக இருக்கிறதே, கடையை மாற்றிவிட்டார்களா என்று கேட்டாள். காயத்திரி ஒரு கணம் தட்டையே பார்த்தாள். தன் தாய் அனுப்பும் கீரை அது என்று இத்தனை வாரமாக அவள் எவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"கட இல்ல. எங்க அம்மா போட்டது" என்றாள்.

சமையற்கட்டு வாசலில் கரண்டியோடு நின்ற இராமையா உள்ளே போய்விட்டார். சற்று நேரத்தில் வந்து, "புதன்கிழம வண்டி இராகலைக்குப் போகும், மிஸ்" என்று திலகவதியிடம் சொன்னார்.

திங்கட்கிழமை நானுஓயாவில் புகையிரதம் ஏறினேன். காயத்திரி கொடுத்தனுப்பிய பொதி மடியில் இருந்தது. செய்தித்தாளைப் பிரிக்காமலே பீட்ரூட் என்று தெரிந்தது.

வீடு திரும்பிய மறுநாள் காலை எங்கள் ஊர்ச் சந்தைக்குப் போனேன். கீரை விற்கும் அம்மா வழக்கம்போல் சிரட்டையால் நீர் அள்ளிக் கட்டுகள்மீது தெளித்துக்கொண்டிருந்தார். அவரிடம் வாங்கும்போது ஒவ்வொரு கட்டையும் தூக்கி, அவர் முகத்துக்கு நேரே இரண்டு முறை உதறிவிட்டுத்தான் விலை கேட்பது என் வழக்கம். அவரும் அதற்கு ஆயத்தமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் உதறவில்லை. சொட்டச் சொட்ட வாங்கிக்கொண்டு வீடுவரை நடந்தேன்.