ஏலக்காய் ஸ்டோரில் காயப்போட்ட பைகள்

ஐயா, அம்மையீர்,

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பொட்டலம் கட்டி வந்த தாள்களைப் படித்தே எழுத்தைத் தேற்றிக்கொண்டவன் யான். குறையிருப்பின் பொறுத்தருள்க.

குமுளிக்கு மேலேயுள்ள ஓர் ஏலத்தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரில் முப்பது ஆண்டுகள் அடுப்பு எரித்தேன். விறகின் சூடு தகரக் குழாய்கள் வழியே அறைக்குள் சுற்றிவரும். அவற்றின் மேலுள்ள தட்டுகளில் பச்சைக்காய் ஒரு நாளில் உலரும். எனக்குப்பின் அப்பணி என் மகளுக்குக் கிடைத்தது. ஒரு பெண்ணை நம்பி அவ்வடுப்பை ஒப்படைத்தது அதுவே முதல்முறை.

கம்பம் சந்தைக்குப் போய்வரும்போதெல்லாம் வீட்டில் பிளாஸ்டிக் பைகள் சேரும். முன்னாளில் அவற்றை அந்த அடுப்பிலேயே போட்டு எரித்தோம்; யானும் எரித்திருக்கிறேன். இப்போது பஞ்சாயத்தின் சார்பில் ஒரு பெண் மாதந்தோறும் வந்து, கழுவி உலர்த்திய பைகளை மறுசுழற்சிக்கு வாங்கிச் செல்கிறார். சென்ற மழைக்காலத்தில் இருமுறை என் பைகளைத் திருப்பித் தந்துவிட்டார்.

"உள்ளுக்குள்ள ஈரம் இருக்கு பாருங்க தாத்தா. இது ஒண்ணு போதும், மூட்டை மொத்தமும் பூசணம் புடிச்சிரும். அப்புறம் மெசினுக்குப் போகாது, குப்பைக் குழிக்குத்தான் போகும்."

"ஏலக்காய்க்கே பதம் பாத்தவன்மா நான்."

"அப்ப இதையும் பதமாக் காயவச்சுக் குடுங்க!" என்று சிரித்துக்கொண்டே போனார்.

அச்சிரிப்பு என்னை ஓரிடத்தில் இருக்கவிடவில்லை. கொடியில் தொங்கிய பைகளை நாழிகைக்கொரு முறை எழுந்துபோய்த் தடவிப் பார்த்தேன். என் மனைவி பொறுமை இழந்தாள்.

"அடைக்கோழி மாதிரி என்னத்துக்கு அதையே சுத்திச் சுத்தி வாறீக? அடுப்புல போட்டா ஒரு நிமிசம்."

"அந்தப் பாவம் செஞ்சது போதும்" என்றேன்.

பஞ்சாயத்துப் பெண் மீண்டும் வரவிருந்த நாளுக்கு முன்தினம், மகள் மதியச் சோற்றுக்கு வீடு சென்ற வேளையில், யான் ஸ்டோருக்குள் நுழைந்தேன். குழாய்களுக்கு மேலே, தட்டுகளுக்குக் கீழே கம்பி கட்டி, இருபது பைகளையும் அதில் போட்டுவிட்டுத் திரும்பினேன். ஈரப்பை கனத்துத் தொங்கும். காயக் காய லேசாகி, சூட்டுக் காற்றில் பறந்துவிடும். உலர்த்துவதையே தொழிலாகக் கொண்டிருந்தவனுக்கு இது தோன்றாமல் போயிற்று.

அரைமணி கழித்துச் சென்றபோது, மகள் சன்னல்களைத் திறந்துகொண்டிருந்தாள். இரண்டு பைகள் குழாயில் விழுந்து உருகி, கசந்த புகை எழுந்திருந்தது. தட்டுகளில் காய் பாதிப் பதத்தில் கிடந்தது. ஏலக்காய் அருகிலுள்ள எவ்வாடையையும் இழுத்துக்கொள்ளும். வாடை ஏறியிருந்தால் மகளின் வேலை போகும்.

"யப்பா, யாரு செஞ்ச வேலை இது?"

"நான்தாம்மா."

அவள் கைபேசியை எடுத்தாள்.

"முதலாளிகிட்ட இப்பச் சொல்லாதம்மா. காத்துப் பட்டா வாடை போயிரும்."

"போகலைன்னா? ஏலம் விடுற எடத்துல சாக்கைப் பிரிக்கும்போது நாறுனா, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?"

சொல்லிவிட்டாள். முதலாளி வரும்வரை யான் வாசலுக்கும் தட்டுகளுக்குமாக நடந்தேன். ஒரு காயை நசுக்கி முகர்ந்தால் புகை, மறுகாயில் இல்லை, முதற்காயை மீண்டும் முகர்ந்தால் அதிலும் இல்லை. முப்பது ஆண்டுகள் நம்பிய மூக்கு அன்று கைவிட்டது.

முதலாளி வந்து, தட்டுத் தட்டாக முகர்ந்து, பை உருகிய இடத்துக்கு நேர்மேலிருந்த இரண்டு தட்டுகளை மட்டும் ஒதுக்கினார்.

"பாக்கி குழப்பமில்லை, நல்லாத்தான் இருக்கு. பொண்ணு ஒடனே சொன்னதுனால தப்பிச்சது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க இனிமே ஸ்டோர் படி ஏற வேண்டாம்" என்றார்.

மகளின் வேலை நிலைத்தது. யான் ஏறவில்லை.

இப்போது பையை ஒருபுறம் கிழித்து விரித்து, கழுவி, பழைய துணியால் இருபுறமும் துடைத்து, கூரைக்கடியில் கிளிப் மாட்டிப் பல நாள் விடுகிறேன். அந்தப் பெண் வாங்கிக்கொள்கிறார். குழாயிலிருந்து சுரண்டிய பிளாஸ்டிக் கட்டியை மட்டும் அவர் ஏற்கவில்லை. அது என் சன்னலோரம் கிடக்கிறது. ஸ்டோர்ப் புகை எழும்போதெல்லாம் இன்றும் வெளியே வந்து முகர்கிறேன்.

இக்குறிப்பைத் தூர எறியாமல், எங்கேனும் பத்திரமாக வைத்திருக்கக் கேட்டுக்கொள்கிறேன்.