கதவு டீச்சர்

அந்தப் பெண்கள் நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சருக்குப் பெயர் கதவு டீச்சர். அதற்கு முன்பு, வரிசை டீச்சர் என்றார்கள், அதற்கும் முன் சாண் டீச்சர். மூன்றுமே அவர் காதுக்கு வந்து சேர்ந்தவைதான். பட்டப்பெயர் வைக்கிறார்கள் என்றால் பயம் இருக்கிறது, பயம் இருந்தால் பள்ளிக்கூடம் தானாக ஓடும் என்று நினைக்கிற ஆள் அவர். அதனால் கோபப்படவில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பள்ளியின் ஒழுங்கு முழுக்க அவர் கையில். ஒழுங்கை யார் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று தலைமையாசிரியை ஒரு கூட்டத்தில் கேட்டபோது மற்றவர்கள் எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள், இவர் மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டார். அவ்வளவுதான், பொறுப்பு வந்து ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்டதை அவர் உதறவும் இல்லை. காலையில் வாசலிலேயே நகம், ரிப்பன், காலுறை மூன்றையும் காட்டியாக வேண்டும். நடைவழியில் இடது ஓரமாக, சுவரைத் தொடாமல், முன்னால் போகிறவளின் பின்னலை இழுக்காமல் நடக்க வேண்டும். தண்ணீர் பாட்டில் மேசையின் இடது மூலையில்தான் நிற்க வேண்டும். பேச்சுக்கும் அளவு உண்டு. பக்கத்தில் இருப்பவளிடம் பேச சாண் குரல், குழுவாகக் கணக்குப் போட முழக் குரல், டீச்சருக்குப் பதில் சொல்ல மட்டும் வகுப்புக் குரல். சாண் குரல் ஒரு சாணுக்கு அப்பால் கேட்கக் கூடாது. கேட்கிறதா என்று சோதிக்க டீச்சரே குனிந்து காதை நீட்டுவார். அந்தக் காதைப் பார்த்ததும் வரும் சிரிப்பை அடக்கப் பிள்ளைகள் படாத பாடு படுவார்கள்.

வகுப்பு நேரத்தில் வெளியே போவதுதான் அவருக்குப் பிடிக்கவே பிடிக்காத விஷயம். ஒருத்தி கையைத் தூக்கினால் வகுப்புத் தலைவி எழுந்து, “அடுத்த மணி வரைக்கும் அடக்க முடியாதா?” என்று கேட்க வேண்டும். முடியாது என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னால்தான் அனுமதி. பாதிப் பேர் அந்தக் கேள்விக்குக் கூச்சப்பட்டே கையை இறக்கிவிடுவார்கள். டீச்சருக்கு இதில் இரக்கமே கிடையாது. நான் அடக்கவில்லையா என்பார். உண்மைதான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வகுப்பின் நடுவில்கூட அவர் எழுந்து போனதில்லை. அதற்கு அவர் கண்ட வழி ரொம்பச் சுலபம். பள்ளிக்கூடம் விடும் வரை ஒரு மிடறு தண்ணீர் குடிப்பதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவருடைய வீட்டுக்காரருக்குக் குடிதண்ணீர் கேன் வியாபாரம். ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுக்கிறேன், என் பெண்டாட்டியை ஒரு டம்ளர் குடிக்க வைக்க முடியவில்லை என்று கேன் இறக்குகிற வீட்டிலெல்லாம் புலம்பிவிட்டு வருவார். வியாபாரத்துக்கே கெட்ட பெயர் என்பது அவர் கவலை.

சரி, கதவுக்கு வருவோம். வெளியே போகிறவள் கையில் ஒரு அடையாளம் இருக்க வேண்டும் என்று டீச்சர் சட்டம் போட்டார். மாடியில் இருக்கும் ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. முதலில் அட்டையில் எழுதிக் கொடுத்தார். பிள்ளைகள் தாங்களே எழுதிக்கொள்ள, கொஞ்ச நாளில் ஆட்களைவிட அட்டைகள் அதிகமாகிவிட்டன. அடுத்து மர ஸ்கேல். அது நடைவழியில் வாளாக மாறி, இரண்டு பேருக்கு விரல் வீங்கியது. கை மணி கொடுத்துப் பார்த்தார். போகிறவள் மாடி முழுக்க ஆட்டிக்கொண்டே போனதில், பள்ளி விட்டுவிட்டது என்று நம்பி ஆறாம் வகுப்பு வீட்டுக்கே கிளம்பிவிட்டது. நாற்காலியைக் கொடுத்தார். போகிற வழியில் போட்டு உட்கார்ந்து கதை பேசினார்கள். டீச்சர் கடுப்பாகிப் பள்ளி ஆயாவைக் கூப்பிட்டு, தலைகீழாக நின்றாலும் தொலைக்க முடியாத ஒரு பொருள் வேண்டும், விளையாடவும் முடியக் கூடாது என்றார். ஆயா யோசித்துவிட்டுப் போய் ஒரு மரக்கதவை இழுத்துக்கொண்டு வந்தாள். எங்கிருந்து என்று கேட்டதற்கு, சும்மா சுவரில் சாய்ந்து கிடந்தது என்றாள். டீச்சர் அதற்கு மேல் கேட்கவில்லை. வெள்ளைப் பெயின்ட்டில் ‘அனுமதி’ என்று எழுதித் தன் வகுப்பு வாசலில் நிறுத்திவிட்டார்.

ஒருத்தியால் தூக்க முடியாது. ஆகவே துணைக்கு ஒருத்தி போகலாம் என்று சட்டத்தைத் திருத்தினார். இவ்வளவு பெரிய கதவு என்று பிள்ளைகள் முணுமுணுப்பார்கள் என்று எதிர்பார்த்தார். ஒருத்திகூட வாயைத் திறக்கவில்லை. ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, இடது ஓரமாக, பூப்போலத் தூக்கிக்கொண்டு போய்விட்டுத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு நாளும் தொலையவில்லை. டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சூட்டோடு, அறிவியல் டீச்சர் வகுப்பை விட்டு அடிக்கடி போன் பேச வெளியே போகிறார் என்று கூட்டத்தில் எடுத்துச் சொல்லி, வகுப்பு நேரத்தில் கதவில்லாமல் ஆசிரியர்களும் நடைவழியில் நடமாடக் கூடாது என்று தீர்மானம் போட வைத்தார். தனக்குத் தானே ஆப்பு வைத்துக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

ஏனென்றால் அந்த மாதமே அவருக்கு இடுப்பில் வலி வந்து சுருண்டு விழுந்தார். சிறுநீரகத்தில் கல். டாக்டர் அம்மா திட்டித் தீர்த்துவிட்டார். இனி தண்ணீர் குடிக்காவிட்டால் கத்தி வைக்க வேண்டியதுதான் என்றார். வீட்டுக்காரர் முகத்தில் அன்றைக்கு வந்த களையைக் கல்யாணத்தன்றுகூட டீச்சர் பார்த்ததில்லை. மறுநாளிலிருந்து காலையில் பெரிய பாட்டிலோடு வாசலை மறித்து நின்றுகொண்டார். குடித்து முடித்தால்தான் வழி.

டீச்சர் ஒரு மாதிரி சமாளித்தார். கீழே இருக்கும் ஆசிரியர் கழிப்பறைக்கு இடைவேளைகளில் ஓடிப் போய் வந்துவிடுவார். பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரிந்துவிடுமோ என்ற பயம்தான் கல்லைவிட அதிகமாக அவரைக் குத்தியது. இப்படி இருக்கும்போதுதான் கல்வி அதிகாரி வருகிறார் என்று சேதி வந்தது. உதவித் தலைமையாசிரியை பதவியை யாருக்குக் கொடுப்பது என்று முடிவுசெய்ய, கணக்கு டீச்சரின் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கப் போகிறாராம். அந்தப் பதவிக்கு டீச்சர் எத்தனை வருடமாக ஆசைப்பட்டார் என்பது அவருக்கும் தலையணைக்கும்தான் தெரியும்.

அன்று காலை வீட்டுக்காரர், “இன்னைக்கு முக்கியமான நாளு, ரெண்டு டம்ளர் சேர்த்தே குடிச்சிடும்மா” என்று அன்பாகச் சொல்லிக் குடிக்க வைத்து அனுப்பினார். பள்ளிக்கு வந்தால் ஆசிரியர் கழிப்பறையில் பூட்டு தொங்கியது. பினாயில் போட்டுக் கழுவி, புதுச் சோப்பு வைத்து, அதிகாரி பார்க்கும் வரை ஒரு கால் தடம் படக் கூடாது என்று தலைமையாசிரியை பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு சுற்றினார். கேட்க டீச்சருக்கு வாய் வரவில்லை.

அதிகாரி வந்தார். வாட்டசாட்டமான பெண்மணி, கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு ஒண்டி உட்கார்ந்துகொண்டார். டீச்சர் பாடப் புத்தகத்தைத் திறந்தார். அன்றைய பாடம் தொட்டியும் குழாயும். ஒரு குழாய் தொட்டியை நிரப்புகிறது, இன்னொரு குழாய் காலி செய்கிறது. டீச்சர் கரும்பலகையில் தொட்டியை வரைந்தார். தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டார். காலி செய்யும் குழாயை வரையும்போது சாக்பீஸ் உடைந்தது.

கதவு வாசலில் இல்லை, எட்டாம் வகுப்பு எடுத்துப் போயிருந்தது. நடு வரிசையில் ஒரு சின்னப் பெண் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவு வரட்டும் என்று சைகை காட்டினார் டீச்சர். பிறகு தானும் ஒரு காலை இன்னொரு காலோடு பின்னிக்கொண்டு நின்றார். பிள்ளைகள் கணக்கை முழக் குரலில் போட்டார்கள். குழாய், நிரம்பும், வழியும் என்ற சொற்களே வகுப்பு முழுக்கக் கேட்டன. ஒழுங்கு அபாரமாக இருந்தது. அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பாராட்டித்தான் ஆட்டுகிறார் என்று டீச்சர் நினைத்தார்.

கதவு திரும்பி வந்து வாசலில் நின்றது. டீச்சர் கையில் சாக்பீஸ், நெற்றியில் வியர்வை. இன்னும் ஒரு நிமிடம் நின்றால், இத்தனை வருடம் கட்டிக் காத்தது அத்தனையும் அதிகாரி கண் முன்னால் தரையில் ஓடும். பதவி போனால் போகட்டும், அந்த மானம் போனால் மறுநாள் இந்த வாசலை மிதிக்க முடியாது. டீச்சர் மெதுவாகத் தன் வலது கையைத் தூக்கினார்.

வகுப்பு சாண் குரலையும் விட்டுவிட்டு அமைதியானது. வகுப்புத் தலைவி திருதிருவென்று விழித்தாள். சட்டத்தில் ஆசிரியர்களும் அடக்கம் என்று அவளுக்கு நினைவு வந்தது. எழுந்து நின்றாள். கேலி துளியும் இல்லாமல், சட்டத்துக்கு உட்பட்டுக் கேட்டாள்.

“அடுத்த மணி வரைக்கும் அடக்க முடியாதா, டீச்சர்?”

“முடியாது” என்றார் டீச்சர். வகுப்புக் குரலில்தான் சொன்னார். சொன்னபோது கண் கலங்கிவிட்டது.

துணைக்கு யார் போவது என்று பிள்ளைகள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். கடைசி பெஞ்சிலிருந்து அதிகாரி பெஞ்சோடு சேர்ந்தே எழுந்தார். நான் போகிறேன் என்று சொல்லிவிட்டு, யார் பதிலுக்கும் காத்திராமல் கதவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

கையைத் தூக்கி வெகு நேரமாக உட்கார்ந்திருந்த சின்னப் பெண்ணும் வாயடைத்துப் பார்க்க, இருவரும் கதவைத் தூக்கிக்கொண்டு நடைவழியில் இடது ஓரமாக நடந்தார்கள். நடந்தார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. போகிற வேகத்தில் அதிகாரி மூச்சுவாங்கப் பேசினார். “காலையில இருந்து இது நாலாவது ஸ்கூல், டீச்சர். எல்லா எடத்துலயும் கழுவிப் பூட்டி வச்சு, தெறந்து காட்டிட்டு, மறுபடி பூட்டிடறாங்க. உள்ள போகணுமான்னு ஒருத்தர் கேக்கல.” எதிரே வந்த தலைமையாசிரியை, பள்ளிக் கதவை அதிகாரி ஜப்தி செய்து கொண்டுபோகிறார் என்று நினைத்து, முகத்தில் ஈயாடாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

நடைவழிக் கோடியில் இருந்த பிள்ளைகளின் கழிப்பறைக்குள் டீச்சர் அதுவரை போனதே இல்லை. இரண்டு அறைகள். ஒன்றில் உடைந்த பெஞ்சுகளை அடைத்துப் பூட்டியிருந்தார்கள். இன்னொன்றுக்கு நிலை இருந்தது, இரண்டு துருப்பிடித்த கீல்கள் இருந்தன, கதவு இல்லை. டீச்சர் கையிலிருந்த கதவைப் பார்த்தார். அதன் ஓரத்தில் இருந்த ஆணி ஓட்டைகளைப் பார்த்தார். நிலையில் வைத்தால் அளவெடுத்த மாதிரி உட்காரும். உட்கார்ந்தது.

பிள்ளைகள் ஏன் முணுமுணுக்கவில்லை, ஏன் ஒரு நாளும் தொலைக்கவில்லை, துணைக்கு ஒருத்தி எதற்கு என்பதெல்லாம் ஒரே நேரத்தில் அவருக்குப் புரிந்தது. அதை நினைத்துக்கொண்டு நிற்க நேரமில்லை. அதிகாரி, நீங்கள்தான் முதலில் கை தூக்கினீர்கள் என்று அவரை உள்ளே தள்ளிக் கதவை நிலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பிறகு அதிகாரி உள்ளே போக, டீச்சர் பிடித்தார். கதவு கனத்தது. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் இடைவெளி விழுந்தது. உள்ளேயிருந்து அதிகாரி, “இந்தக் கதவு யோசனை யாரோடது?” என்று கேட்டார்.

ஆயா கொண்டுவந்தாள் என்று சொல்லலாம். தலைமையாசிரியை ஒப்புக்கொண்டது என்று சொல்லலாம். இரண்டும் பொய் இல்லை. பதவி நாக்கு நுனியில் நின்றது.

“என்னுது மேடம். நான்தான் இதை இங்கேர்ந்து எடுக்க வச்சேன். இது எந்தக் கதவுன்னு கேக்கவே இல்ல” என்றார்.

 உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அதிகாரி வெளியே வந்தார், டீச்சர் தோளை ஒரு முறை தொட்டார், வகுப்புப் பக்கம் போனார். அந்தப் பதவி பிறகு அறிவியல் டீச்சருக்குப் போனது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

டீச்சர் கதவைத் தூக்கப் பார்த்தார், தனியாக முடியவில்லை. திரும்பினால், கை தூக்கியிருந்த அந்தச் சின்னப் பெண் நின்றுகொண்டிருந்தாள். அடையாளம் இல்லாமல் நடைவழியில் வந்தது தப்புதான், கதவு இங்கே இருக்கிறதே என்று வந்துவிட்டேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். துணைக்கு யாரையும் கூட்டி வரவில்லை. அவசரம்.

போ என்று டீச்சர் ஒதுங்கி வழிவிட்டார். அவள் உள்ளே போனதும் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கதவு ஆடியது. உள்ளேயிருந்து, சாணுக்கு மேல் போகாத குரலில் அவள் சொன்னாள்.

“கையால பிடிச்சா வலிக்கும் டீச்சர். முதுகைக் குடுத்து நில்லுங்க. நாங்க அப்படித்தான் நிப்போம்.”

டீச்சர் திரும்பி நின்று கதவுக்கு முதுகைக் கொடுத்தார். கதவு ஆடாமல் நின்றது. எதிரே நடைவழி முழு நீளத்துக்கும் கண்ணுக்குத் தெரிந்தது. கதவு எங்கே இருக்கிறது என்ற சேதி அதற்குள் மூன்று வகுப்புக்கும் பரவியிருந்தது போல. இடது ஓரமாக, சுவரைத் தொடாமல், பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக வந்து நிற்கத் தொடங்கினார்கள். யாரும் கையைத் தூக்கவில்லை. அவரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

“மெதுவா வாம்மா. நான் நிக்கிறேன்” என்றார் டீச்சர்.