முகவரி மாற்றாமல் இருந்த எங்கள் அக்கா

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அக்காவோடு படித்தவர்களுக்கும், அக்காவிடம் படித்தவர்களுக்கும் வணக்கம். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். நாலு பேர் முன்னால் பேசவே எனக்குக் கூச்சம். எழுதுவது அதைவிடக் கஷ்டம். எழுத்து கோணலாக வரும். நினைவும் முன்னைப் போல இல்லை, ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றில் போய் நிற்கும். "கூடப் பொறந்தவ நீ இருக்கும்போது வேற யாரும்மா எழுதுவா?" என்று என் மகன் நினைவு மலருக்காகத் தாளையும் பேனாவையும் என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டான். தப்பும் தவறும் இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது மகாராஜபுரத்தில், அம்மாச்சி வீட்டில். மழை இல்லாமல் நிலம் தரிசாகக் கிடந்ததால் அப்பாவும் அம்மாவும் ராஜபாளையத்துக்கு மில் வேலைக்கு வந்தார்கள். ஒரு காம்பவுண்டுக்குள் வரிசையாக இருந்த வீடுகளில் கடைசி வீடு எங்களுக்குக் கிடைத்தது. ஒரு அறை, ஒரு அடுப்படி. ஒரு ஜன்னல் உண்டு. அதைத் திறந்தால் பக்கத்து மில்லின் சுவர்தான் தெரியும், கையை நீட்டினால் தொடலாம். அந்த வீட்டில்தான் அக்காவின் ஆயுளில் பெரும்பகுதி கழிந்தது என்பதால் இதைச் சொல்கிறேன்.

அம்மாவும் ஷிப்டுக்குப் போனதால் வீட்டைப் பார்க்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. எனக்குப் படிப்பும் ஏறவில்லை, நான் நின்றுகொண்டேன். அக்காவுக்குக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. பி.எஸ்ஸி. கணக்கு முடித்து, பி.எட்.டும் முடித்தார். எங்கள் சொந்தத்தில் பட்டம் வாங்கிய முதல் பெண் அவர்தான். அதன் பிறகு எங்கள் பக்கம் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும், தூரத்துச் சொந்தமாக இருந்தாலும், பத்திரிகையில் அக்கா பேரைப் பட்டத்தோடு போடாமல் விடமாட்டார்கள். அந்தப் பத்திரிகைகளைப் பார்த்து அப்பா அடைந்த சந்தோஷத்தை என்னால் எழுத முடியாது.

படித்து முடித்ததும் அரசுப் பள்ளி ஆசிரியர் வேலைக்காக வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியப் போனார். அப்போது விருதுநகர் தனி மாவட்டமாகப் பிரியவில்லை, அலுவலகம் மதுரையில் இருந்ததாக ஞாபகம். வரிசையில் முன்னால் நின்றவர் எம்.ஏ. படித்தவர், பதிந்து ரொம்ப வருடம் ஆனவர். அவர் அக்காவிடம் சொன்னாராம்:

"தங்கச்சி, ஒண்ணை மட்டும் மறந்துறாத. அட்ரஸ மாத்துனேன்னு வையி, உன்னையக் கடைசியில தூக்கிப் போட்டுருவாங்க. வேற எங்கயும் நிரந்தர வேலைன்னு கையெழுத்தும் போட்டுறாத. இன்டர்வியூ கார்டு வார வரைக்கும் அசையக் கூடாது."

எம்.ஏ. படித்தவர் சொல்கிறார், பி.எட். படித்தவர் கேட்டு வந்து சொல்கிறார். எங்கள் வீட்டில் யார் மறுத்துப் பேசுவது? அலுவலகத்திலேயே ஒரு வார்த்தை கேட்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். கேட்டால், "ஏன் கேட்கிறாய், வீடு மாறிவிட்டாயா?" என்று சந்தேகப்பட்டுப் பதிவை எடுத்துப் பார்ப்பார்கள் என்று அக்காவுக்குப் பயம். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கப் போவார். கேட்காமலே திரும்பி வருவார்.

காத்திருந்த காலத்தில் அக்கா சும்மா இருந்தவர் அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் பக்கத்தில் டைப் அடிக்கும் கடையில் வக்கீல் நோட்டீஸ் அடித்தார். ஒரு பால்கோவாக் கடையில் கணக்குப் பார்த்தார். பேண்டேஜ் துணிக் கம்பெனியில் சரக்குச் சோதித்து அனுப்பும் வேலை பார்த்தார். இன்சூரன்ஸ் பிடித்தார், எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்தார். தனியார் பள்ளிகளில் பிரசவ லீவில் போகும் டீச்சர்களின் இடத்தில் பாடம் எடுத்தார், அவர்கள் திரும்பி வந்ததும் நின்றுகொள்வார். எல்லாம் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் ஓடும் பஸ்ஸில் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற வேலைகள். பேண்டேஜ் கம்பெனி மேனேஜர் வேலையை நிரந்தரம் செய்கிறேன் என்று சொன்ன வாரமே அக்கா அதை விட்டார். மேனேஜர் வீடு தேடி வந்து, "நான் ஏதும் தப்பாப் பேசிட்டனாம்மா?" என்று அப்பாவிடம் கேட்டுவிட்டுப் போனார்.

ஆலங்குளத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை சிமெண்ட் ஆலையில் வேலை, நல்ல குணம், அவராகவே விரும்பிக் கேட்டார். அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப் போனது. அக்காவுக்கும் பிடித்திருந்தது என்பது எனக்குத் தெரியும், அவர்கள் வந்துபோன அன்று அடுப்படியில் என்னிடம், "அவுக பேச்சு தன்மையா இருந்துச்சுல்ல?" என்று இரண்டு தடவை கேட்டார். ஆனால் அம்மாவிடம் வேறு பேசினார்.

"அவுகளை இங்க வந்து இருக்கச் சொல்லும்மா. நான் சம்மதிக்கேன்."

"ஆம்பள எப்படிட்டி பொண்டாட்டி வீட்டுல வந்து இருப்பாரு? அதுவும் இந்தப் பொந்துல?"

"அப்ப கார்டு வந்த பொறவு பாத்துக்கிடுவோம்."

"கார்டு வந்துச்சுன்னா ஆலங்குளத்துக்கு ஆளனுப்ப மாட்டனா? போஸ்ட்மேன் காலுல விழுந்துகூடச் சொல்லி வைக்கேன்டி."

"கல்யாணமாயிப் போனேன்னு தெரிஞ்சா சீனியாரிட்டி போயிரும்மா. அம்புட்டு வருசமும் வீணாயிரும்."

மாப்பிள்ளை வீட்டார் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு இடம் முடித்தார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அதற்குள் நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கல்யாணமாகிப் போய்விட்டேன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துக் காலமான பிறகு அக்கா அந்த அறையில் தனியாக இருந்தார். எங்கள் வீட்டுக்கு வந்தால் பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவார். "இரு அக்கா, செத்த நேரம் இருந்துட்டுப் போ" என்றால், "தபாலைப் பக்கத்து வீட்டுல குடுத்திருந்தா மறந்துருவாகட்டி" என்பார்.

ஒரு முறை கல்லூரித் தோழிகள் சிலர் சேர்ந்து அக்காவைப் பார்க்க வந்தார்கள். நானும் அன்று அங்கே இருந்தேன். எல்லாரும் ஒரே வருடம் பட்டம் வாங்கியவர்கள். ஒருவர் பம்பாயில் பேங்க் அதிகாரி. ஒருவர் போலீசில் சப் இன்ஸ்பெக்டர். சரஸ்வதி திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டவர். ஸ்ரீவில்லிபுத்தூர் பாத்திமா, அவருடைய வாப்பாவின் துணிக்கடையை எடுத்து நடத்தி, பேண்டேஜ் துணியை வெளிநாட்டுக்கு அனுப்பும் அளவுக்கு வந்தவர். உட்கார இடமில்லாமல் இரண்டு பேர் வாசற்படியில் இருந்தார்கள். புழுக்கம் தாங்காமல் பாத்திமா எழுந்து ஜன்னலைத் திறந்தார். சுவரைப் பார்த்துவிட்டு மூடினார்.

சரஸ்வதி, "ஏட்டி, உன்னைய இன்னுமா கூப்பிடல? எமன் முந்திக்கிருவான் போல இருக்கே!" என்றார்.

"எமன் வந்தாலும் சீனியாரிட்டிப்படிதான் வரணும். நீ என்னையவிட மூத்தவ, மொதல்ல உன்னையத்தான் கூப்பிடுவான்" என்றார் அக்கா. எல்லாரும் சிரித்தோம்.

பாத்திமா மட்டும் சிரிக்கவில்லை. "என் கம்பெனிக்கு வா. கணக்கு பூராவும் உன் கையில தாரேன். மாடியில வீடு சும்மாதான் கெடக்கு, காத்து பிச்சுக்கிட்டுப் போகும்" என்றார்.

"டெம்பரவரின்னா வாரேன். வீடு வேண்டாம், பஸ்சுல வந்துக்கிடுவேன்."

"நிரந்தரமா வேலை குடுங்கன்னு என் வாசல்ல வந்து நிக்கிறவங்களைப் பாத்திருக்கேன். நிரந்தரம் வேண்டாம்ங்கிறவ நீ ஒருத்திதான்டி!"

இது நடந்து சில மாதம் கழித்துப் புதுப்பிக்கும் நாள் வந்தது. அலுவலகம் விருதுநகருக்கு மாறி ரொம்ப காலம் ஆகியிருந்தது. அக்காவுக்கு முழங்கால் வலி, அதனால் துணைக்கு நான் போனேன். வரிசையில் அக்காவுக்கு முன்னால் ஒரு சின்னப் பெண் நின்றாள். அவள் கவுண்டரில் இருந்தவரிடம் கேட்டாள்:

"சார், கல்யாணமாகி சாத்தூர் போயிட்டேன். அட்ரஸ் மாத்தணும். மாத்துனா சீனியாரிட்டி கொறஞ்சிருமா சார்?"

"யாரும்மா உனக்குச் சொன்னது? அது பதிஞ்ச தேதிப்படி அப்படியே இருக்கும். ஒரு தாள்ல புது அட்ரஸ எழுதிக் குடுத்துட்டுப் போ."

"பிரைவேட் ஸ்கூல்ல வேலைக்குச் சேரலாமா சார்?"

"தாராளமாச் சேரு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அக்காவின் முகத்தைப் பார்க்கப் பயந்து அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் எழுதிக் கொடுத்துவிட்டு நகர்ந்தாள். அக்கா கவுண்டருக்கு முன்னால் போனார். கவுண்டரில் இருந்தவர் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "முகவரி அதேதானாம்மா?" என்று கேட்டார்.

அக்கா, "அதேதான் சார்" என்றார்.

பஸ்ஸில் உட்கார்ந்து, அது கிளம்பிய பிறகு, அக்கா "அந்தப் பிள்ளைக்குத் தாலிக்கயிறு புதுசு. மஞ்ச இன்னும் போகல, பாத்தியா?" என்றார். சிவகாசி தாண்டியதும் நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "அதான் மாத்தலாம்னு சொல்லிட்டாரேக்கா. எங்க வீட்டுக்கு வந்துரு. அடுத்த தடவை எழுதிக் குடுத்துருவோம்" என்றேன்.

"இப்ப மாத்துனா, அப்பவே மாத்திருக்கலாம்னு ஆயிரும்லட்டி" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை. காம்பவுண்டில் வீட்டுக்காரர்கள் மற்ற வீடுகளை இடித்துக் கட்டியபோதும், அந்தக் கடைசி வீட்டை மட்டும் அக்காவுக்காக அப்படியே விட்டார்கள்.

அந்த அறையில்தான் சாயங்காலம் டியூசன் நடக்கும். பிள்ளைகள் உள்ளே இடம் போதாமல் நடைபாதை வரை உட்கார்ந்திருப்பார்கள். 'டீச்சர்' என்று கூப்பிட்டால் அக்கா திரும்ப மாட்டார். "ஆர்டர் வரட்டும், அப்பக் கூப்பிடு. இப்ப அக்கான்னு கூப்பிடு" என்பார். அதனால் ஊரே அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டது. அங்கே படித்த பிள்ளைகளில் இன்று வக்கீல் உண்டு, நர்ஸ் உண்டு, ராணுவத்தில் இருப்பவர் உண்டு, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள் நிறைய உண்டு. பட்டம் வாங்கியதும் இனிப்போடு வருவார்கள். முன்பெல்லாம் அக்காவின் முதல் கேள்வி, "பதிஞ்சிட்டியா?" என்பதுதான். விருதுநகர் போய் வந்த பிறகு அதைக் கேட்பதை நிறுத்திவிட்டார். "எந்த ஊர்ல வேலை? எம்புட்டுத் தூரம்? ரயில்ல ஜன்னல் சீட்டு கெடச்சுச்சா?" என்று கேட்பார்.

கார்டு வரவில்லை. வயது முடிந்துவிட்டது, இனிமேல் புதுப்பிக்க வர வேண்டாம் என்று ஒரு நாள் சொல்லிவிட்டார்கள். அன்றும் சாயங்காலம் டியூசன் எடுத்தார். அதற்குப் பிறகாவது எங்கள் வீட்டுக்கு வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. நாங்களும் கூப்பிடுவதை விடவில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. இருதயம் பலவீனமாகிவிட்டது, தனியாக விடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் என் மகன் காரில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிவந்தான். ஒரே ஒரு பைதான் இருந்தது. வாசலில் இறங்கி, சுவரில் எழுதியிருந்த கதவு எண்ணையும் தெருப் பெயரையும் மெதுவாக வாய்விட்டுப் படித்தார். மாடி அறையைக் கொடுத்தோம். அங்கே மூன்று பக்கமும் ஜன்னல், மேற்கே மலை தெரியும். அக்கா முதலில் கட்டிலைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போடச் சொன்னார். "வெளிச்சம் கண்ணு கூசுதுட்டி" என்றார். சில மாதங்கள் இருந்தார். கடைசி வாரத்தில் மலையைப் பார்த்துத் திருப்பிப் போடச் சொன்னார். யாருக்கும் சிரமம் கொடுக்காமல், மத்தியானத் தூக்கத்திலேயே போய்விட்டார்.

ஆஸ்பத்திரிக்கு அலைந்த பாத்திமாவுக்கும், இறுதிக் காரியத்துக்கு ராத்திரிப் பயணமாக வந்து சேர்ந்த சரஸ்வதிக்கும், வாடகையைக் கூட்டாமல் இத்தனை காலம் வீடு விட்டுவைத்த வீட்டுக்கார அம்மாவுக்கும், அக்காவின் பிள்ளைகள் போல வந்து தோள் கொடுத்த டியூசன் பிள்ளைகளுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

இந்த மலரில் படத்துக்குக் கீழே பெயர், பட்டம், பணி என்று மூன்று வரி போட வேண்டுமாம். பணி என்ற இடத்தில் என்ன போடுவது என்று மகன் கேட்டான். பார்த்த வேலையை எல்லாம் வரிசையாகப் போடுங்கள் என்று பாத்திமா சொன்னார். 'ஆசிரியை' என்று போட்டால் போதும் என்று சரஸ்வதி சொன்னார். அவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை, தெரியாமல் சொல்லமாட்டார். ஆனால் ஆர்டர் வராமல் அப்படிப் போட அக்கா சம்மதிப்பாரா என்பது எனக்குத் தெரியவில்லை. அதனால் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறோம். வருடங்களிலும் ஊர்ப் பெயர்களிலும் நான் தவறியிருந்தால் பெரியவர்கள் திருத்துங்கள். வீட்டில் மாட்டப்போகும் பெரிய படத்திலாவது அந்த வரி சரியாக இருக்க வேண்டும். அக்காவிடம் படித்தவர்கள் யாராவது, அங்கே என்ன எழுதலாம் என்று யோசித்து, சரிபார்த்துச் சொல்லுங்கள்.