இது அந்தப் படபடப்பு இல்லை

என் மனைவி உதயகலாவை எங்கள் ஒழுங்கை அயலவர்கள் பயந்தாங்கொள்ளி என்பார்கள். அந்தப் பெயரைப் பரப்பிய பெருமை எனக்குத்தான். இன்று அவள் உயிரோடு இருப்பது அவளுடைய கவனத்தால். அந்த அதிர்ச்சி எனக்கு இன்னும் தீரவில்லை.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. விடிய நாலு மணிக்கே எழும்பி, இருநூறு இடியப்பம் அவித்துக் கொக்குவில் கடைகளுக்குக் கொடுக்கிறவள். இரண்டு வருடத்துக்கு முன் திடீரென்று படபடப்பு வந்து, சாகப் போகிறேன் என்று கத்தினாள். என் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். இருதயத்தில் ஒன்றுமில்லை, இது பதற்றம் என்றார்கள். இன்னும் இரண்டு முறை ஓடினோம். அதே பதில். மூன்றாம் முறை வந்த கோபத்தில் வழி முழுக்க அவளோடு நான் கதைக்கவில்லை.

கிளினிக்கில் வேலை செய்யும் ஜெசிதா என்ற பிள்ளை அவளுக்கு ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்தாள். தினமும் ஒரு வேலையை முழுக் கவனத்தோடு செய்ய வேண்டும். படபடப்பு வந்தால் விரட்டக் கூடாது. உடம்பில் எது முதலில் வருகிறது, எது பிறகு வருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உதயகலா இடியப்பம் பிழிவதைப் பிடித்துக்கொண்டாள். மாவின் சூடு, உள்ளங்கையில் இடியப்ப உரலின் பிடி, தட்டில் சுற்றி விழும் இழை. மனம் வேறெங்கும் ஓடினால் மறுபடி இழைக்குத் திரும்புவாள்.

"இடியப்பச் சாமியாருக்குத் தவம் முடிஞ்சுதோ?" என்று நக்கலடிப்பேன்.

"உங்களுக்கு விளங்காது, பேசாமல் இருங்கோ."

ஆனால் படபடப்பு குறைந்தது. வந்தாலும், "விரல் விறைக்குது, இனி மூச்சு முட்டும், பிறகு நெஞ்சு அடிக்கும்" என்று பஸ் வரும் நேரத்தைச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு இருப்பாள். இருபது நிமிடத்தில் எழும்பி வேலையைப் பார்ப்பாள்.

போன மாசியில் ஒரு நாள், விடிய ஐந்தரை மணி. பாதித் தட்டில் உரலை வைத்துவிட்டு, "இஞ்சாருங்கோ, ஆட்டோவை எடுங்கோ" என்றாள். குரலில் பதற்றமே இல்லை.

"திருப்பியும் துவங்கிட்டுதோ?"

"இது அது இல்லை. விரல் விறைக்கேல்லை. ஆரோ நெஞ்சிலை ஏறி இருக்கிறமாதிரி இருக்கு. தாடைக்கு நோ இழுக்குது. இது எனக்குத் தெரியாத நோ."

நான் கேட்டேனா? "உமக்கு வாய்வுக்குத்து. உள்ளி சுட்டுத் தாறன்" என்று அடுப்படிக்குப் போனேன். எங்களுக்கு எந்த நெஞ்சு நோவும் முதலில் வாய்வுதானே. உள்ளிப் பூண்டைச் சுட்டேன், உரித்தேன், ஓமத் தண்ணீர் வைத்தேன். அவளுடைய சட்டை வேர்வையில் தெப்பமாய் நனைந்திருந்தது. "மூச்சைக் கவனியும்" என்று அவளுக்கே பாடம் எடுத்தேன், பாருங்கள்!

"கவனிச்சுத்தான் சொல்லுறன்" என்றாள். பிறகு சுவரைப் பிடித்துப் பிடித்துத் தானே போய் ஆட்டோவில் ஏறினாள். அப்போதுதான் எனக்குத் திக்கென்றது.

ஆஸ்பத்திரியில் ஈசீஜி கடதாசியைப் பார்த்ததும் டொக்டரின் முகம் மாறிவிட்டது. மாரடைப்பு. தாதிமார் ஓடினார்கள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எத்தினை மணிக்கு நோ துவங்கினது?" என்று டொக்டர் கேட்டார்.

"அஞ்சரைக்கு" என்றாள், முகத்தில் வைத்திருந்த ஒட்சிசன் மூடியை விலக்கி.

"இப்ப ஆறரை. கொக்குவிலிலை இருந்து வரப் பத்து நிமிசம். ஏன் இவ்வளவு பிந்தினது?"

உதயகலா என்னைப் பார்த்தாள்.

"ஆட்டோ ஸ்டாட் வரேல்லை டொக்டர்."

அந்த நிலைமையிலும் எனக்காக ஒரு பொய்! டொக்டர் அதை எழுதப் போனார்.

"எழுதாதேங்கோ டொக்டர்" என்றேன். "ஆட்டோ உடனை ஸ்டாட் வந்தது. முக்கால் மணித்தியாலமா இவ சொன்னதை நான்தான் நம்பேல்லை."