நிழல் வைத்த எழுத்துகள்

ஆபீசில் அவருக்கு ‘டாக்டர்’ என்று பட்டப்பெயர். எவருடைய மென்பொருள் ஊர்ந்தாலும், திரை எங்கே மூச்சு வாங்குகிறது என்று நாடி பிடித்துச் சொல்லிவிடுவார். மனைவியோ மகா வாயாடி. அவள் பேச ஆரம்பித்தால் எதிர்வீட்டு ரேடியோ வெட்கப்பட்டுத் தானே அணைந்துவிடும். தசைகளைத் தின்னும் வியாதி வந்து அந்த வாயைக் கட்டியது, கைகால்களைக் கட்டியது. மிஞ்சியது கண்.

கண் எந்த எழுத்தைப் பார்க்கிறதோ அந்த எழுத்தைத் திரையில் போடும் பலகையை டாக்டரே எழுதினார். அழகு பார்க்கிறவளாயிற்றே என்று ஒவ்வோர் எழுத்துக்கும் பின்னால் மெல்லிய நிழலும் ஓரத்தில் ஒளியும் வைத்தார்.

எழுத்துகள் நொண்டி நொண்டி வந்தன. ‘போ’ என்று விழுந்ததுமே, போர்வைதான் கேட்கிறாள் என்று இழுத்து அவள் கழுத்துவரை மூடிவிடுவார். அவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

“யோசனையே மந்தமாயிடுச்சுக்கா அவளுக்கு” என்றார் தமக்கையிடம்.

“அவளுக்கா? அவ உன்னை முறைக்கிறத பாருடா! ஊருக்கெல்லாம் நாடி பாக்குற, உன் மிஷினுக்குப் பாத்தியா?”

“நான் எழுதினது, அக்கா. அதுல என்ன கோளாறு இருக்கப்போவுது?”

“அதான் கேக்குறேன்!”

அக்காவின் வாயை அடைக்கத்தான் பலகையைத் திறந்து பார்த்தார். ஒரே ஓர் எழுத்து மாறினாலும், அந்தக் கட்டத்தோடு நிற்காமல், முழுத்திரையையும் அத்தனை நிழல்களோடு புதிதாக வரைந்துகொண்டிருந்தது பலகை. அவள் கண் அடுத்த எழுத்துக்கு ஓடியிருக்கும். திரை பழையதிலேயே நிற்கும். மந்தம் அவளிடம் இல்லை.

நிழல்களைப் பிடுங்கி எறிந்தார். மாறிய கட்டத்தை மட்டும் வரையச் சொன்னார். அவள் கண் பாய்ந்தது; எழுத்துகள் பொலபொலவென்று விழுந்தன.

“போர்வைய எடுங்க. வேகுது. எத்தன நாளா சொல்றேன்.”

அக்கா சிரித்தாள். அவர் போர்வையை மடித்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். அந்த வாரமெல்லாம் அவள் பேசினாள்: அக்காவின் சமையலைப் பழித்தாள், அவர் சட்டைக்கு அயர்ன் இல்லை என்றாள்.

அப்புறம் எழுத்துகள் மறுபடி நொண்டின. அவர் ஆசையாகக் கணினியைத் திறந்து கோளாறு தேடினார். துருவித் துருவி அளந்தார். மிஷின் மின்னல் மாதிரி இருந்தது. கண்தான் களைத்துப்போயிருந்தது.

திரையில் ‘நீங்க’ என்று வந்து நின்றது. அதை முடிக்க அவரிடம் நூறு வார்த்தை இருந்தது. ஒன்றையும் சொல்லாமல், அவள் கண்ணையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.