வேலிப் பொட்டுகளால் ஒரு பாதை

பிள்ளைகள், உங்கள் மாமி என் அக்கா, எனக்கு மூத்தவர். நான் பத்தாம் வகுப்புவரை போனேன். அக்கா இரண்டாம் வகுப்போடு நின்றவர். படிப்பு ஏறாது என்று வாத்தியார் சொன்னபோது ஐயா, எங்கள் அப்பா, மறுத்துக் கதைக்கவில்லையாம். அக்காவுக்கு எழுத்து வராது, காசு தெரியாது, நேரம் தெரியாது. வெங்காயம் பிடி கட்டத் தெரியும். அவர் கட்டிய பிடி சந்தைக்குப் போய்ச் சேரும்வரை அவிழாது. வீட்டுக்கு யார் வந்தாலும், கிராம அதிகாரியான விதானையாராக இருந்தாலும், "சாப்பிட்டியளோ?" என்றுதான் முதலில் கேட்பார்.

ஊரில் இப்படியானவர்களை "ஒரு மாதிரி" என்பார்கள். "அந்த வீட்டிலை ஒண்டு ஒரு மாதிரி" என்று யாராவது சொல்லிவிட்டால் அன்று முழுவதும் என் அம்மா சாப்பிட மாட்டார். "ஒரு மாதிரி" என்றதைக் கூடத் தாங்குவார். ஆளைச் சொல்லாமல் பொருளைச் சொல்வது போல "ஒண்டு" என்றதைத்தான் அவரால் தாங்க முடியாது.

தொண்ணூறாம் ஆண்டு திரும்பவும் சண்டை தொடங்கிய பிறகு புத்தூரில் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் மருந்து போல வந்தது. மயிலிட்டிச் சனம் இடம்பெயர்ந்து வந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தது. உங்களில் மூத்தவளுக்கு அப்போது பால்பல் விழுந்துகொண்டிருந்தது. இளையவன் தவழ்ந்து திரிந்தான். அந்த நாட்களில் அம்மாவுக்கு நெஞ்சு நோ வரத் தொடங்கியது. நோ வந்து போகிற ஒவ்வொரு முறையும் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்.

"நான் கண்ணை மூடினாப் பிறகு உவளின்ரை பாடு என்ன?"

"நான் இருக்கிறன்தானே அம்மா."

"நீ தோட்டத்துக்குப் போயிடுவாய். உன்ரை மனிசிக்குப் பிள்ளையளோடை பொழுது போயிடும். சோறு குடுப்பியள், அது எனக்குத் தெரியும். விடிஞ்சா உவளுக்கு என்ன இருக்கு? இந்த முத்தத்தைச் சுத்திச் சுத்தி வந்தே முடியிறதோ?"

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் தொடங்கியது.

கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சருக்கும் அப்படி ஒரு மகன் இருந்தான். இருபத்தைந்து வயது, நல்ல உடம்பு, வாய் திறந்து கதைக்க மாட்டான். அவனுக்குப் பிடித்த வேலை சைக்கிள் மிதிப்பது. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி டைனமோவில் ரேடியோவைக் கொளுவி விட்டால் களைக்காமல் மிதிப்பான். அந்த ஒழுங்கையில் குடியிருந்த சனம் முழுவதும் அவனுடைய காலால்தான் செய்தி கேட்டது. கேட்ட சனம் போகும்போது, "பாவம், பேய்ப்பிள்ளை" என்று சொல்லிவிட்டுத்தான் போகும். நிவாரண அரிசிக்கு நின்ற ஒரு நாள் மனேச்சரிடம் அம்மாவின் கேள்வியைச் சொன்னேன். அவர் தராசை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ரை மனிசியும் இதைத்தான் காணும் கேக்கிறா."

மனேச்சரின் வீட்டு வளவில் புகையிலைக் கொட்டில் ஒன்று சும்மா கிடந்தது. அதில் காலையிலிருந்து மத்தியானம்வரை இப்படியானவர்கள் வந்து இருக்க, வேலை செய்ய, சேர்ந்து சாப்பிட ஓர் இடம் அமைப்பது என்று முடிவெடுத்தோம். மருத்துவிச்சி வேலை பார்த்துப் பென்சன் எடுத்திருந்த மிட்வைவ் அம்மாவையும் சேர்த்துக்கொண்டோம். ஞாயிறு பின்னேரங்களில் மூன்று பேரும் கொட்டில் வாசலில் இருந்து யோசிப்போம். கிணற்றுக்கட்டை உயர்த்த வேண்டும். பெண்களை ஒதுங்குகிற மறைப்புக்குக் கூட்டிப்போக ஒரு பெண் வேண்டும். குண்டுக்கு ஒளிக்கப் பங்கர் குழி வெட்ட வேண்டும்; அதுதான் பெரிய கதை. எல்லாரையும் போலக் குனிந்து இருட்டுக்குள் போகச் சொன்னால் எங்கள் பிள்ளைகள் போக மாட்டார்கள். குண்டு போடுகிற பொம்பரின் சத்தம் கேட்டால் அக்கா வெளியே ஓடி அண்ணாந்து பார்ப்பார். அதனால் வாசலை அகலமாக்கி, படி வைத்து, உள்ளே வெளிச்சம் விழுகிற மாதிரி வெட்டினோம்.

"பங்கருக்கு யன்னல் வைச்ச ஆக்கள் நாங்கள்தான்," என்று மனேச்சர் சொல்லிச் சிரித்தார்.

யார் யார் வீட்டில் இப்படியானவர்கள் இருக்கிறார்கள் என்று மிட்வைவ் அம்மாவிடம் கேட்டேன். ஊரில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள்.

"எனக்குத் தெரியும். என்ரை வாயாலை சொல்ல மாட்டன். படலைக்குப் படலை போய் நில்லுங்கோ. விருப்பமுள்ளவை கொண்டு வந்து விடுவினம்," என்றார்.

வீட்டு வாசல் படலைகளில் போய் நின்றோம். அங்கேதான் பிழை விட்டோம். வேறு வண்டி இல்லாததால் சங்கக்கடை மாட்டுவண்டியைத்தான் கொண்டுபோனோம். அந்த வண்டி ஒரு படலையில் நின்றால் சனம் என்ன நினைக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. முதல் வீட்டு வாசலில் வண்டி நிற்க, அயலட்டைச் சனம் முழுவதும் ஓலை உமலும் பையுமாக ஓடி வந்தது.

"சீனி வந்திட்டுதோ?"

"ஏன் அண்ணை, இண்டைக்கு வீட்டை வந்து குடுக்கிறியளோ?"

"மா எண்டாலும் தாங்கோவன்!"

சீனி இல்லை, மாவும் இல்லை. பிறகு ஏன் வண்டி நிற்கிறது என்று எல்லாரும் படலையை எட்டிப் பார்த்தார்கள். உள்ளே இருந்தவர்கள் கதவைச் சாத்தினார்கள். "இஞ்சை அப்பிடி ஒருத்தரும் இல்லை" என்று கதவுக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. அடுத்த வீட்டிலும் அதே பதில். இன்னொரு வீட்டில் தமையன்காரன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான்.

"என்ரை தங்கச்சிக்குக் கலியாணம் பேசுது. நீங்கள் வண்டிலைக் கொண்டு வந்து வாசல்லை நிப்பாட்டி ஊருக்குப் பறை அடிக்கிறியளோ?"

மாட்டைத் திருப்பக்கூட இடம் விடாமல் சனம் நின்றது. வண்டியில் இருந்த அக்கா அத்தனை பேரையும் கண்ட சந்தோசத்தில் ஒவ்வொருவரையும் சாப்பிட்டார்களா என்று விசாரித்தார்.

நான் வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தேன். உங்கள் அம்மா உலைக்கு அரிசி போட்டுக்கொண்டே சொன்னாள்:

"உங்களை ஆர் றோட்டாலை போகச் சொன்னது? நாங்கள் பொம்பிளையள் ஒரு சுண்டு உப்பு வாங்கப் போறதெண்டாலும் பொட்டுக்காலைதானே போறம். ஆருக்குத் தெரியுது?"

வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு விடுகிற இடைவெளியைத்தான் பொட்டு என்போம். வளவுக்கு வளவு பொட்டு இருந்தால் தெருவில் கால் வைக்காமலே ஊரின் ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்குப் போகலாம். எங்கள் வளவிலிருந்து கொட்டில்வரை அப்படி ஒரு பாதை எடுக்க முடியுமா என்று பார்த்தோம். இடையில் சில வளவுகள். சில வேலிகளில் பொட்டு ஏற்கெனவே இருந்தது. இரண்டு வீட்டுக்காரருக்கு நடுவில் மட்டும் வேலி கோட்டை மதில் மாதிரி நின்றது. ஒருவர் வேலிக் கதியாலை அரைச் சாண் தள்ளி நட்டார் என்று மற்றவர் வழக்குப் போட்டு, அந்த வழக்கைக் கேட்ட நீதிமன்றமும் சண்டையில் மூடிப்போய், இரண்டு பேரும் முகம் பார்ப்பதில்லை.

மிட்வைவ் அம்மா இரண்டு பேரையும் வேலிக்கு இரண்டு பக்கமும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"பொட்டு விட்டால் நான் தோத்த மாதிரியெல்லே," என்றார் ஒருவர்.

"அவர் முதல் விடட்டும்," என்றார் மற்றவர், வேலிக்கு அப்பால் நின்று.

"ஒருத்தரும் விட வேண்டாம். கத்தியைத் தாங்கோ, நான் வெட்டுறன். பிறகு மிட்வைவ் வெட்டினது எண்டு சொல்லுங்கோ. ரெண்டு பேற்றை பிள்ளையளின்ரை கொப்பூழ்க்கொடியையும் நான்தானே வெட்டினனான்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். பிறகு அவர்களே வேலியின் ஓலைக் கிடுகை விலக்கிக் கட்டினார்கள்.

அந்தப் பாதையால் ஆட்கள் வந்தார்கள். "ஒருத்தரும் இல்லை" என்று கதவைச் சாத்திய வீட்டிலிருந்தும் வந்தார்கள். முப்பது வயதுப் பெண் ஒருத்தி, வெயில் படாமல் வெளுத்திருந்தவள், தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி வந்தாள். நாலைந்து மாதத்தில் அவள் தனியாக வந்தாள். அக்கா எல்லாருக்கும் வெங்காயப் பிடி கட்டக் காட்டிக் கொடுத்தார். மனேச்சரின் மகன் மிதிக்க, பாட்டுக் கேட்டது. ஒரு நாள் பொம்பர் சுற்றியபோது அவன் சைக்கிளை விட்டு இறங்க மறுத்தான். நாங்கள் கத்துகிறோம். அக்கா போய் அவன் கையைப் பிடித்து, "வா, உள்ளை போய் இருப்பம், வெளிச்சமா இருக்கு" என்றார். அண்ணாந்து பார்க்க ஓடுகிற அக்கா அன்று ஓடவில்லை. அவன் இறங்கி வந்தான்.

அம்மா ஒருமுறை மட்டும் கொட்டிலைப் பார்க்க வந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பொட்டிலும் நின்று நின்று வந்து, வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் இருந்தார். அக்கா அம்மாவைத் திரும்பியும் பார்க்கவில்லை, அவ்வளவு வேலை. அதற்குப் பிறகு கனகாலம் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்கவில்லை.

அடுத்த வருடம் வேலி அடைக்கிற காலம் வந்தது. பழைய கிடுகைக் கழற்றிப் புதுக் கிடுகு வைத்துக் கட்டுவார்கள். ஒரு காலை நான் தோட்டத்துக்குப் புறப்படும் நேரம், அக்கா போன சுருக்கில் திரும்பி வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். போய்ப் பார்த்தேன். வழக்குப் போட்டவரின் வேலி முழுவதும் புதுக் கிடுகு. பொட்டு இருந்த இடமே தெரியவில்லை. அக்கா கிடுகை உள்ளங்கையால் தடவித் தடவி, கொஞ்சம் தள்ளியும் தடவிப் பார்த்தார்.

அன்று பின்னேரம் அந்த வீட்டு மனிசி எங்கள் அம்மாவிடம் வந்து அழுதார்.

"அம்மா, கோவிக்காதேங்கோ. மகளுக்கு இஞ்சை பக்கத்திலை திருநெல்வேலியிலை இருந்து பொருத்தம் வந்திருக்கு. மாப்பிளை பகுதி எந்த நேரமும் வந்து போகும். விடிஞ்சா வளவுக்காலை இவையள் போய் வாறதைக் கண்டா, எங்கடை ரத்தத்திலையும் ஏதோ இருக்கெண்டு நினைப்பினம்."

நான் வாயைத் திறக்க, அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"அடைக்கத்தான் வேணும், பிள்ளை. என்ரை இளைய மகளுக்குக் கலியாணம் பேசேக்கை நானும் இவளை அச்சுவேலியிலை கொண்டுபோய் விட்டனான். கலியாணம் முடிஞ்சுதான் கூட்டியந்தனான். உன்னிலை எனக்கென்ன கோவம்?"

அந்த மனிசி போன பிறகு அம்மா அக்காவைப் பக்கத்தில் இருத்தி நெடுநேரம் தலை வாரிக்கொண்டிருந்தார்.

நான் அக்காவைத் தெருவால் கூட்டிப்போனேன். எங்களுக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த மற்றவர்களுக்கு அது முடியவில்லை. வெளுத்த பெண்தான் முதலில் வருவதை நிறுத்தினாள். பிறகு ஒவ்வொருவராக நின்றார்கள். கடைசியில் கொட்டிலில் அக்காவும் மனேச்சரின் மகனும் மட்டும். மிட்வைவ் அம்மாவை மகள் கொழும்புக்குக் கூப்பிட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்தில் இருந்த மயிலிட்டிக் குடும்பம் ஒன்றுக்கு, மழை வரமுன் ஒரு கூரை தேவைப்பட்டது. மனேச்சர் என்னிடம் வந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அதுகள் கைக்குழந்தையோடை நிக்குதுகள்," என்றார்.

"குடுங்கோ," என்றேன். வேறு என்ன சொல்வது?

அம்மா மழைகாலம் முடியக் கண்ணை மூடினார். மந்திகை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம், கொடுக்க வேண்டிய மருந்து வரவில்லை. நினைவு தப்புவதற்கு முன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது என்று நான் இன்றும் நினைப்பதுண்டு.

செத்தவீட்டுக்கு ஊர் முழுவதும் தெருவால் வந்தது. செத்தவீட்டுக்கு எல்லாரும் எல்லாரையும் கூட்டி வரலாம். அதற்கு ஒருவரும் குறை சொல்வதில்லை. மனேச்சரின் மகன் வந்தான். வெளுத்த பெண்ணும் தாயோடு வந்தாள். கொட்டிலுக்கு வந்த மற்றவர்களும் ஒவ்வொருவராகப் படலைக்குள் வந்தார்கள். அம்மாவின் தலைமாட்டில் இருந்த அக்கா அவர்களைக் கண்டதும் எழும்பி ஓடினார். "வந்திட்டியள்! வந்திட்டியள்!" என்று கை தட்டிச் சிரித்தார். அவர்களைக் கூட்டிப்போய்ப் பந்தலின் ஓரத்தில் வட்டமாக இருத்தினார். அவர்களும் இருந்தார்கள். பறை அடித்துக்கொண்டிருந்தது, அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாருங்கோ, தாய் செத்ததுகூடத் தெரியாமல் சிரிக்குது," என்று எனக்குப் பின்னால் ஒரு கிழவர் சொன்னார்.

அக்காவுக்குத் தெரியும். காலையில் அம்மாவின் காலைக் கட்டிப்பிடித்து அழுத குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் சிரித்தது வேறொன்றுக்கு. கொட்டில் திரும்பத் தொடங்கிவிட்டது என்று நினைத்தார். அது மனேச்சருக்கும் எனக்கும் விளங்கியது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பிரேதம் எடுத்த பிறகு தாய்மார் வந்து தங்கள் தங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வெளுத்த பெண் எழும்ப மனமில்லாமல் இருந்தாள். தாய் இழுத்துக்கொண்டு போனாள். மறுநாள் விடிய அக்கா குளித்து, சீலை மாற்றி, ஓலைப்பாயைக் கொண்டுவந்து பந்தலுக்குக் கீழே விரித்தார். வெங்காயத்தையும் நாரையும் எடுத்து வைத்துக்கொண்டு படலையைப் பார்த்தபடி இருந்தார். பந்தல் பிரிக்க வந்தவர்களை, அந்தப் பக்கத்தை மட்டும் நாளைக்குப் பிரிக்கச் சொன்னேன்.